இரண்டிடத்தில் ஒரு கணக்கு

இளங்கலை வணிகவியல், மூன்றாம் ஆண்டு, சுழற்சி 2

"சர்வர் டவுன்." நம் பகுதியில் எவருக்கும் பொருள் சொல்லத் தேவையில்லாத சொற்கள் இவை. நியாயவிலைக் கடையில் கேட்கிறோம், வங்கியில் கேட்கிறோம், இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை சாலையோரம் நிற்கும் டிரெய்லர் ஓட்டுநர்களோ இதைக் கேட்டே பாதிப் பொழுதைக் கழிக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான வேளைகளில் எந்தச் சர்வரும் விழுந்திருப்பதில்லை என்பதே உண்மை. இங்கேயிருக்கும் கணினி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். தொலைவில் இருக்கும் கணினியும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒன்றோடொன்று பேச முடியாமற் போயிருக்கும். அல்லது பேசியும் ஒத்துப்போகாமல் இருக்கும்.

இக்கட்டுரை அந்த இரண்டின் உறவைப் பற்றியது. கணினி அறிவியல் துறை நண்பர்கள் இதனை என்னினும் திறம்பட எழுதக்கூடும். ஆயினும், காலையில் மணலிப் பக்கத்துச் சரக்குப் பெட்டக நிலையம் ஒன்றின் வாயில் அலுவலகத்தில் பணிபுரிந்துவிட்டுப் பிற்பகலில் கல்லூரிக்கு வருபவன் நான். எனக்கு இது முதலில் கணினியாகத் தோன்றவில்லை. கணக்குப் பதிவியலாகவே தோன்றியது. அந்தக் கண்கொண்டே எழுதுகிறேன்.

பெட்டகத்தைப் பற்றி முதலில் ஒரு சொல். 1956 ஏப்ரல் 26 அன்று 'ஐடியல் எக்ஸ்' என்னும் கப்பல் 58 பெட்டகங்களுடன் அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. இன்றைய கன்டெய்னர் வணிகத்தின் தொடக்கம் அதுவே என்பர். நம் சென்னைத் துறைமுகத்தில் பெட்டக முனையம் 1983-இல் வந்தது. 2001-இல் அதனை இயக்கும் பொறுப்பு தனியாரிடம் சென்றது. 2009-இல் இரண்டாவது முனையமும் இயங்கத் தொடங்கியது. வடக்கே எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் திறக்கப்பட்டு, 2014-இல் காமராசர் துறைமுகம் எனப் பெயர் பெற்றது. இவற்றுக்கும் தொழிற்சாலைகளுக்கும் நடுவே, பெட்டகங்களை இறக்கி வைத்துச் சுங்கச் சோதனை முடித்து அனுப்பும் நிலையங்கள் திருவொற்றியூர், மணலிப் பகுதிகளில் பரவிக் கிடக்கின்றன. எங்கள் நிலையம் அவற்றுள் ஒன்று.

பெட்டகம் ஒன்றுதான், அதைப் பற்றிய ஏடுகளோ பல. கப்பல் நிறுவனத்திடம் ஓர் ஏடு, முனையத்திடம் ஓர் ஏடு, சுங்கத்துறையிடம் ஓர் ஏடு, எங்களிடம் ஓர் ஏடு, கிளியரிங் ஏஜென்ட் கையில் மற்றோர் ஏடு. இவையெல்லாம் பேசிக்கொள்ள ஒரு பொதுத்திண்ணை வேண்டுமென்று இந்தியத் துறைமுகங்கள் சங்கம் 2018 டிசம்பரில் 'பி.சி.எஸ். ஒன் எக்ஸ்' என்ற தளத்தை மேகக் கணினியில் தொடங்கியது. 2023 ஜனவரியில் அதன் இடத்தில் விரிவான 'நேஷனல் லாஜிஸ்டிக்ஸ் போர்ட்டல் மரைன்' வந்தது. சுங்கத்துறையும் முன்பு ஒவ்வொரு சுங்க இல்லத்திலும் தனித்தனிச் சர்வர் வைத்திருந்து, பின்னர் எல்லாவற்றையும் மையக் கணினிக்கு மாற்றிக்கொண்டது.

மேகம் என்றதும் அண்ணாந்து பார்க்க வேண்டா. அது பிறருடைய கட்டடத்தில் நாம் வாடகைக்கு எடுத்த கணினி; அவ்வளவே. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் மேகக் கூடம் ஒன்று 2015 முதல் நம் சென்னையிலேயே இருக்கிறது. அமேசானுடையது 2016-இல் மும்பையில் திறக்கப்பட்டது.

எல்லாக் கணக்கையும் மேகத்திலேயே வைத்துவிட்டால் என்ன? வைக்கலாம். ஆனால் சாலையில் யாரோ கடப்பாரை போட்டுக் கண்ணாடியிழைக் கம்பியை அறுத்துவிட்டால், எங்கள் முற்றத்தில் நிற்கும் பெட்டகம் எந்த வரிசையில் இருக்கிறது என்று எங்களுக்கே தெரியாது. சரி, எல்லாம் இங்கேயே இருக்கட்டும் என்றால்? திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலையும் சிங்கப்பூர்க் கப்பல் நிறுவனமும் தம் பெட்டகத்தின் நிலையை நள்ளிரவிலும் பார்க்க விரும்புகின்றன. அதுவும் போக, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இடுப்பளவு நீரில் நின்ற வீடுகளை இங்கே நாம் எல்லோரும் கண்டோம். ஒரே அறையில் இருக்கும் ஒரே கணக்கு எவ்வளவு பாதுகாப்பு என்பதை அந்த வாரம் நமக்குக் கற்பித்தது. ஆகவே வாயிலில் ஒரு பேரேடு, மேகத்தில் ஒரு பேரேடு. இரண்டும் ஒரே கணக்கைச் சொல்ல வேண்டும். சிக்கல் இங்கேதான் பிறக்கிறது.

இரண்டு பேரேடுகளை ஒத்திருக்கச் செய்வது எப்படி? இரவில் ஒருமுறை முழுப் பேரேட்டையும் படியெடுத்து அனுப்புவது பழைய வழி. அது எளியது, ஆனால் மறுநாள் மாலைக்குள் படி பழசாகிவிடும். இங்கே நம் பாட்டன்மார் முறையை நினைத்துக்கொள்ளுங்கள். கடையில் நடப்பதை நடந்த வரிசையில் முதலில் சிட்டாவில் எழுதுவார்கள். பிறகே அதனைப் பேரேட்டில் அந்தந்தப் பெயரின் கீழ் ஏற்றுவார்கள். நம் பாடநூல் குறிப்பேடு என்றும் எடுத்தெழுதுதல் என்றும் கூறுவது இதையே. தரவுத்தளம் என்னும் கணினிப் பேரேடும் அப்படித்தான் இயங்குகிறது என்று அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. எந்த மாற்றமும் முதலில் ஒரு சிட்டாவில், வரிசை எண்ணுடன் பதிவாகிறது. பின்னரே பேரேடு மாறுகிறது. மின்சாரம் நடுவில் நின்றால் சிட்டாவைப் பார்த்துப் பேரேட்டைச் சரிசெய்துகொள்ள முடியும்.

எனவே மேகத்துக்குப் பேரேட்டை அனுப்ப வேண்டுவதில்லை. சிட்டாவை அனுப்பினால் போதும். "4,112 வரை வந்து சேர்ந்தது" என்று மறுமுனை சொல்லும். இம்முனை 4,113 முதல் அனுப்பும். கம்பி அறுந்தால் சிட்டா இங்கேயே வளர்ந்துகொண்டிருக்கும். இணைந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

ஓர் இடர் உண்டு. 4,113-ஐ அனுப்பினோம், 'வந்தது' என்ற பதில் வழியில் தொலைந்தது. மீண்டும் அனுப்பினால் மறுமுனையில் அது இருமுறை ஏறிவிடாதா? பதிவை எழுதும் விதத்தில்தான் இதற்கு விடை இருக்கிறது. "முற்றத்தில் ஒரு பெட்டகம் கூடியது" என்று எழுதினால் இருமுறை ஏறும்போது கணக்குக் கெடும். "இன்ன எண்ணுள்ள பெட்டகம் ஏழாம் வரிசையில் இருக்கிறது" என்று எழுதினால் பத்துமுறை ஏறினாலும் தீங்கில்லை. கூட்டியதை எழுதாதே, நிலையை எழுது என்று எங்கள் மென்பொருள் பணியாளர் சொன்னதன் பொருள் இதுவே.

'இன்ன எண்' என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. இரண்டு ஏடுகளும் ஒரு பொருளை ஒரே பெயரால் அழைக்காவிட்டால் ஒத்திசைவு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒவ்வொரு பெட்டகத்தின் முதுகிலும் நான்கு எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் எழுதியிருப்பதைச் சாலையில் பார்த்திருப்பீர்கள். அந்த ஏழாவது இலக்கம் எண்ணின் பகுதி அன்று, அது காவலாளி. எழுத்துகளுக்கும் ஓர் எண்மதிப்பு உண்டு: ஏ என்றால் 10, பி என்றால் 12, பதினொன்றின் மடங்குகளை விட்டுவிட்டு இவ்வாறே மேலே போகும். பத்து இடங்களையும் 1, 2, 4, 8, 16 என இரட்டித்துக்கொண்டே போகும் எண்களால் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்தால் வரும் மீதியே கடைசி இலக்கம். மீதி 10 ஆனால் சுழி. 'சி எஸ் கியூ யு 305438' என்ற எண்ணுக்குக் கூட்டுத்தொகை 6,185, மீதி 3. ஆகவே முழு எண் 3054383 என முடியும். அவசரத்தில் யாரேனும் இரண்டு இலக்கங்களை மாற்றித் தட்டிவிட்டால் பெரும்பாலும் இங்கேயே பிடிபடும். நேரமுள்ளவர்கள் எண்ணூர் விரைவுச்சாலையில் பேருந்து நிற்கும்போது கணக்கிட்டுப் பார்க்கலாம். பேருந்தும் நெடுநேரம் நிற்கும்.

இனி நேரம். சென்னைக்கும் மும்பைக்கும் சாலைவழி சுமார் 1,300 கிலோமீட்டர். கண்ணாடியிழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். போய்வர, ஒரு விநாடியை ஆயிரம் பங்காக்கினால் அதில் 13 பங்கு ஆகும். கண்ணிமைப்பதை விடக் குறைவுதான். ஆயினும் சுழியன்று. அந்த இடைவெளியிலும் இருமுனைகளில் இருவர் ஒரே வரியைத் திருத்திவிடலாம். பிந்தி எழுதியது எதுவோ அதுவே நிற்கும் என்று விதி வைப்பார்கள். பிந்தியது எது என்று எப்படி அறிவது? கிரேன் ஓட்டுநரின் கைக்கருவி ஏழு நிமிடம் பின்தங்கியிருந்தால், உண்மையில் பிந்தி நடந்தது ஏட்டில் முந்தியதாகிவிடும். கடிகாரத்தை நம்பாமல், எது எதற்குக் காரணமாயிற்று என்ற வரிசையை நம்பு என்று லெஸ்லி லாம்போர்ட் என்னும் அறிஞர் 1978-இலேயே ஒரு கட்டுரையில் வழிகாட்டினார்.

இரண்டு முனையும் சம்மதித்த பிறகே எழுதினால் என்ன என்ற கேள்வி எழும். அதற்கும் முறை உண்டு. நம் வீட்டுத் திருமணம் போன்றது அது. தரகர் இரு வீட்டாரையும் தனித்தனியே "சம்மதமா?" என்று கேட்கிறார். இருவரும் சம்மதம் சொல்லித் தாம்பூலம் மாற்றிக்கொண்ட பின்பே முகூர்த்தம் குறிக்கப்படும். தாம்பூலம் மாற்றிய வீட்டார் வேறு இடம் பார்க்க முடியாது. நாள் குறிக்க வேண்டிய தரகர் திடீரென்று தொடர்பில்லாமல் போய்விட்டால்? இரு வீட்டாரும் முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் போக முடியாமல் காத்திருக்க வேண்டியதுதான். இந்த இருகட்ட முறையை 1978-இல் விளக்கி எழுதியவர் ஜிம் கிரே. 1998-இல் டூரிங் விருது பெற்றவர். 2007 ஜனவரி 28 அன்று, தம் தாயின் அஸ்தியைக் கடலில் கரைக்கச் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பாய்மரப் படகில் தனியே சென்றவர் திரும்பவில்லை. நண்பர்கள் செயற்கைக்கோள் படங்களை ஆயிரக்கணக்கில் சலித்துத் தேடினார்கள், படகும் கிடைக்கவில்லை. கணக்குக்கும் இதற்கும் தொடர்பில்லைதான். காசிமேட்டில் வளர்ந்தவர்கள் இதனைப் படித்துவிட்டுச் சும்மா தாண்டிப் போக மாட்டார்கள் என்பதற்காகச் சொன்னேன்.

இப்போது மையக் கேள்விக்கு வருவோம். கம்பி அறுந்துவிட்டது. வாயிலில் வண்டி நிற்கிறது. என்ன செய்வது? எரிக் புரூவர் என்னும் கலிபோர்னியப் பேராசிரியர் 2000-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். 2002-இல் கில்பர்ட், லிஞ்ச் ஆகிய இருவர் அதனை நிறுவினர். சுருங்கச் சொன்னால் இதுதான்: இணைப்பு அறுந்த வேளையில், இரு ஏடுகளும் ஒத்திருக்க வேண்டும் என்றால் வேலை நிற்க வேண்டும், வேலை நிற்கக்கூடாது என்றால் ஏடுகள் சிறிது காலம் வேறுபடுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் கிட்டா. எவ்வளவு விலை கொடுத்துக் கணினி வாங்கினாலும் கிட்டா.

வாயிலைத் திற என்ற முடிவுக்கு ஓர் எடுத்துக்காட்டு நம் லாரிகள் எல்லாம் செங்குன்றத்தைத் தாண்டிக் கடக்கும் நல்லூர் போன்ற சுங்கச்சாவடிகள். ஃபாஸ்டேக் முறை வந்தபோது, ஒவ்வொரு வண்டிக்கும் வங்கியைக் கேட்டுவிட்டுத் தடுப்பைத் தூக்குவது என்று வைக்கவில்லை. பணம் குறைந்த வண்டிகளின் பட்டியல் மையத்திலிருந்து சாவடிக்கு அவ்வப்போது வரும். பட்டியலில் இல்லாத வண்டி போகலாம். பணத்தைப் பிறகு பிடித்துக்கொள்வார்கள். பட்டியல் சற்றுப் பழசாயிருந்தால் சில ரூபாய் நட்டம்; அல்லது இப்போதுதான் பணம் கட்டியவரோடு ஒரு சண்டை. நெடுஞ்சாலை அடைபடுவதை விட இது மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பின்னர் உடனுக்குடன் கேட்டறியும் முறையும் வந்தது.

வாயிலை மூடு என்ற முடிவுக்கு எடுத்துக்காட்டு எங்கள் நிலையமே. 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 45-ஆம் பிரிவின்படி, எங்களைப் போன்று சரக்கைக் காப்பில் வைத்திருப்பவர் சுங்க அலுவலரின் எழுத்துமூல அனுமதியின்றி அதனை வெளியே விடலாகாது. ஐயமிருந்தால் மூடத்தான் வேண்டும். இதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. மூடுவதன் செலவு யார் தலையில் விழுகிறது என்பதில்தான் வேறுபாடு.

ஒரு ஜூலை மாதத்தில் நடந்தது இது. காலை 9.40-க்குக் கம்பி அறுந்தது. ஓட்டுநர் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், கைப்பேசியை என் சன்னலுக்குள் நீட்டினார். "தம்பி, பார்ட்டியே அனுப்பிச்சுட்டான் பாரு, கஸ்டம்ஸ் விட்டாச்சுன்னு. உன் சிஸ்டத்துக்கு மட்டும் இன்னா கேடு?" அவர் காட்டியது உண்மைதான். சுங்கத்தின் விடுவிப்பு எங்கள் மேகப் பேரேட்டுக்கு வந்துவிட்டது. அங்கிருந்து வாயிலுக்கு இறங்கவில்லை. "கம்பி கட்டாயிடுச்சுண்ணே, வந்ததும் முதல் வண்டி உங்களுதுதான்" என்றேன்.

கம்பி இரவு 11 மணிக்குச் சேர்ந்தது. அவர் வண்டி போனதோ மறுநாள் விடியற்காலை 4 மணிக்கு. இடையில் நடந்ததை நான் பின்னர் சிட்டாவைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இணைப்பில்லாத பகலில், பாரிமுனையில் இருக்கும் எங்கள் தலைமை அலுவலகம் வேறொரு பெட்டகத்தை ஏலப் பகுதிக்கு மாற்றியதாக மேகப் பேரேட்டில் எழுதியிருந்தது. அதே பெட்டகத்தை எங்கள் முற்றத்துக்காரர்கள் பன்னிரண்டாம் வரிசைக்கு நகர்த்தி இங்கே எழுதியிருந்தார்கள். கம்பி சேர்ந்ததும் சிட்டாக்கள் வரிசையாக ஓடத் தொடங்கி, இந்த முரண்பாட்டில் வந்து நின்றுவிட்டன. மென்பொருள் தன் கடமையைச் செய்தது: ஐயமென்றால் நில். அதன் பின்னால் வரிசையில் அந்த ஓட்டுநரின் விடுவிப்பும் நின்றது. எது சரி என்று சொல்லும் அதிகாரமுள்ளவர் வெளியூரில் உறங்கிக்கொண்டிருந்தார். தமக்குச் சம்பந்தமில்லாத ஒரு பெட்டகத்துக்காக அவர் பதினெட்டு மணி நேரம் நின்றார். அவருக்கு நடைக் கணக்கில்தான் கூலி. அன்று ஒரு நடை போயிற்று.

வங்கிச் சரிகட்டும் பட்டியல் தயாரித்த நம் வகுப்பு நண்பர்களுக்கு இதன் தவறு உடனே புலப்படும். ரொக்க ஏட்டுக்கும் வங்கி ஏட்டுக்கும் வேறுபாடு இருந்தால் நாம் கடையை மூடுவதில்லை. காசோலை விடுத்தோம், இன்னும் வங்கிக்குப் போகவில்லை. இது காலத்தால் வந்த வேறுபாடு, தானே தீரும். தொகை தவறாக எழுதப்பட்டது. இது பிழை, திருத்த வேண்டும். இரண்டையும் பிரித்து, பிழையைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மற்றவற்றை நடக்கவிடுகிறோம். வேறுபாட்டைத் தேடவும் நாற்பதாயிரம் வரிகளை ஒப்பிடுவதில்லை. பக்கக் கூட்டுத்தொகைகளை ஒப்பிட்டு, ஒவ்வாத பக்கத்தை மட்டும் திறக்கிறோம். கணினிப் பேரேடுகளிலும் இதே உத்தி வழங்குகிறது.

இதனை எங்கள் மேலாளரிடம் எடுத்துச் சொன்னேன். பகுதிநேரப் பையன் பேச்சென்று தள்ளாமல் அவர் கேட்டுக்கொண்டது என் நற்பேறு. இப்போது மூன்று மாற்றங்கள் நடைமுறையில் உள்ளன. ஒவ்வொரு பத்திக்கும் ஓர் உரிமையாளர்: பெட்டகம் எங்கே நிற்கிறது என்பதை முற்றம் மட்டுமே எழுதும், விடுவிக்கப்பட்டதா என்பது சுங்கத்திடமிருந்து மட்டுமே வரும், பாரிமுனை இவ்விரண்டையும் தொடாது. ஒரே கட்டத்தில் இருவர் எழுதும் நிலையே பெரும்பாலும் ஒழிந்தது. என் கணிப்பில், மேலே சொன்ன அறிஞர்களின் முறைகளையெல்லாம் விட இந்த எளிய விதியே எங்களுக்கு அதிகம் பயன்பட்டது. முரண்பட்ட பதிவு வந்தால் அது தனிப் பட்டியலுக்குப் போகும். பின்னால் வருபவை நிற்பதில்லை. வாயிலில் ஒரு பலகையும் தொங்குகிறது: கம்பி அறுந்த வேளையில் காலிப் பெட்டகங்கள் போகலாம், அறுவதற்கு முன்பே விடுவிப்பு வந்து சேர்ந்தவை போகலாம், மற்றவை நிற்கும். இணைப்பு எத்தனை மணிக்கு அறுந்தது என்பதும் அதில் சுண்ணக்கட்டியால் எழுதப்படும். அதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போகலாமா, உறங்கலாமா என்று ஓட்டுநரே முடிவு செய்துகொள்கிறார்.

நான்காவதாக ஒன்று கேட்டிருக்கிறேன். எங்கள் ஏட்டில் வண்டி உள்ளே நுழைந்த நேரம் இருக்கிறது, வெளியேறிய நேரம் இருக்கிறது; வாயிலுக்கு வந்து நின்ற நேரத்துக்குப் பத்தி இல்லை. அது இருந்தால், காத்திருந்த மணிக்கணக்கைக் காட்டி ஓட்டுநர் தம் முதலாளியிடமாவது படி கேட்கலாம். மேலாளர் தலைமை அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறார். இங்கே மட்டும் ஒரு பத்தியைத் திறந்துவிட முடியாது. மேகப் பேரேட்டிலும் அதே பெயரில், அதே வரிசையில் அது திறக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் முதல் பதிவிலேயே சிட்டா நின்றுவிடும். பதில் வரும்வரை அந்த நேரத்தை ஒரு நோட்டுப் புத்தகத்தில் மையால் எழுதி வருகிறேன்.